இலாபம் வந்த ஆண்டில் ஆட்குறைப்பு

‘ஆட்குறைப்பு’ என்ற சொல்லைத் தலைப்பில் இட்டு நான் எழுதிய செய்திகளுக்குக் கணக்கில்லை. கூட்டுத்தாபனத்தில் ஆட்குறைப்பு, ஆலையில் ஆட்குறைப்பு, துறைமுகத்தில் ஆட்குறைப்பு என்று நாற்பது ஆண்டுக்காலப் பத்திரிகைத் தொழிலில் எத்தனையோ எழுதியாயிற்று. அழகான சொல் அன்று; ஆனால் நேர்மையான சொல். ஆள் ஒருவர் அதற்குள் இருக்கிறார், அவர் குறைக்கப்படுகிறார் என்பது வெளிப்படை. இன்றைய கம்பனிகளின் அறிக்கைகளை மொழிபெயர்க்க உட்காரும் இளம் உதவி ஆசிரியர்கள் சிலர் என்னிடம் தொலைபேசியில் கேட்பதுண்டு, “ஐயா, இதற்குத் தமிழில் என்ன போடலாம்?” என்று. மறுசீரமைப்பு, சரியளவாக்கம், வினைத்திறன் மேம்பாடு என்றெல்லாம் மூலத்தில் இருக்கும். எல்லாமே ஆளை ஒளித்து வைப்பதற்கென்று செய்யப்பட்ட சொற்கள். ஆட்குறைப்பு என்றே போடுங்கள் என்பதுதான் நான் எப்போதும் சொல்லும் விடை.

அந்தச் சொல் 2023 ஜனவரியில் எங்கள் குடும்பத்துக்குள்ளும் வந்தது.

என் சிறிய தந்தையாரின் மகன், எனக்குத் தம்பி முறையானவர், புத்தூரில் தோட்டம் செய்கிறார். அவருடைய மூத்த மகன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்து, பின்னர் கனடாவுக்குப் போனவன். ரொறன்ரோவில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் வேலை செய்தான். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதுவதற்கில்லை. பெயரைச் சொல்ல மாட்டேன் என்று அவன் பின்னர் கையொப்பமிட நேர்ந்தது. அந்தக் கையொப்பத்துக்கு நானும் மதிப்புக் கொடுக்கிறேன்.

ஒரு புதன்கிழமை காலை அவன் தன் மடிக்கணினியைத் திறந்தபோது கடவுச்சொல் ஏற்கப்படவில்லை. தட்டச்சில் பிழை விட்டுவிட்டதாக நினைத்து மூன்று முறை முயன்றிருக்கிறான். பிறகுதான் தன் சொந்த மின்னஞ்சலைப் பார்த்தான். அதிகாலை நான்கு மணியளவில் ஒரு கடிதம் வந்து கிடந்தது. அவனுடைய மேலாளருக்கும் அதே கடிதம் வந்திருந்தது என்பது மதியத்துக்குப் பிறகே தெரிய வந்தது. அவன் எனக்குச் சொன்னபோது கோபத்தைவிட ஒரு வெட்கமே குரலில் இருந்தது. “ஒருதரும் என்னோடை கதைக்கேல்லைப் பெரியப்பா. கதவைச் சாத்திப்போட்டுத்தான் சொன்னவை. அரைவாசியில நிண்ட வேலை ஒண்டு இருந்தது. அது எங்கை நிக்குது எண்டு அடுத்த ஆளுக்குச் சொல்லவும் விடேல்லை.” அரைவாசியில் நின்ற வேலையைப் பற்றித்தான் அவன் அன்று முழுவதும் கவலைப்பட்டான் என்பதை நினைக்க இப்போதும் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொன்னான். “அப்பாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. நானே சொல்லுவன்.”

சொல்ல அவனுக்கு மூன்று மாதம் எடுத்தது. அந்த மூன்று மாதமும் தாயின் மருந்துக்கென்று அனுப்பும் பணத்தை ஒரு நாள் பிந்தாமல் அனுப்பினான். மார்க்கத்தில் வாங்கிய வீட்டின் கடனோ வட்டி மாறும் வகையைச் சேர்ந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25 சதவீதமாக இருந்த கனடிய மத்திய வங்கியின் வட்டி, 2023 ஜனவரி முடிவில் 4.5 ஆகி, ஜூலையில் 5 ஆயிற்று. வேலைகாப்புறுதி என்று அரசாங்கம் அந்த ஆண்டில் கொடுத்த உச்சத் தொகை வாரத்துக்கு 650 டொலர், அதற்கும் வரி உண்டு. மனைவிக்கு ஒரு மருந்தகத்தில் பகுதிநேர வேலை. பிள்ளைகள் இருவர். காலையில் வழக்கம்போல் உடுத்துக்கொண்டு மடிக்கணினிப் பையோடு பொது நூலகத்துக்குப் போய்விடுவானாம், பிள்ளைகள் கேள்வி கேட்கக்கூடாது என்பதற்காக.

கடைசியில் தகப்பனாருக்குச் சொன்னான். அன்று மாலை அவர் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். விறாந்தையில் இருக்கவில்லை, நின்றபடியே கேட்டார்.

“அண்ணை, உவன் என்ன பிழை விட்டவன்? காசு கீசு ஏதும் எடுத்தவனோ?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் புத்தூரில் இருந்துகொண்டு பார்த்தால் அது நியாயமான கேள்வி. படித்தவன் ஒருவனை வேலையிலிருந்து நிற்பாட்டுவது என்றால், கையாடல், குடி, அல்லது மேலதிகாரியோடு கைகலப்பு. இம்மூன்றைத் தவிர நாலாவது காரணம் எங்கள் ஊரில் கேள்விப்பட்டதில்லை. போரினால் வேலை போகும், அது வேறு. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் யுத்தத்தோடு நின்றபோது வேலை இழந்த பலரை எமக்குத் தெரியும். அவர்களைப் பார்த்து யாரும் என்ன பிழை விட்டாய் என்று கேட்கவில்லை. கண்முன்னே ஷெல் விழுந்தது, ஆலை நின்றது. ரொறன்ரோவில் ஷெல் எங்கே விழுந்தது?

பிழை எதுவும் இல்லை, செலவைக் குறைக்கிறார்கள் என்றேன். அப்படியானால் கம்பனி நட்டத்திலோ என்றார். இல்லை, இலாபத்தில் என்றேன். அப்போதுதான் இருந்தார்.

அவர் கணக்குத் தெரியாத மனிதர் அல்லர். செலவைக் குறைப்பது என்றால் என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். எழுபதுகளின் நடுப்பகுதியில் சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியைத் தடுத்திருந்தபோது யாழ்ப்பாணத்து வெங்காயமும் மிளகாயும் பொன்னாக விற்றன. 1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தனா பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். இறக்குமதி வந்து குவிய, இங்கே விலை விழுந்தது. இருபத்திரண்டு வயதில் தகப்பனோடு தோட்டத்தில் இறங்கியவர் முதலில் கற்ற பாடம் அதுதான். கூலிக்கு வந்தவர்களை நிற்பாட்டிவிட்டு, வீட்டுப் பெண்களை வெங்காயம் நட இறக்கினார்கள். அதன் பிறகும் எத்தனையோ தடவை அறுவடை நேரத்தில் வெளிநாட்டு வெங்காயத்தை இறக்குமதி செய்து எந்த அரசாங்கமும் அவருடைய கையைக் கடித்திருக்கிறது. ஆகவே அவர் கேட்டது வெகுளித்தனமான கேள்வி அன்று.

“நட்டப்பட்டா ஆளை நிப்பாட்டிறது எனக்கு விளங்கும் அண்ணை. நானும் நிப்பாட்டினனான். முகத்தைப் பாத்துச் சொல்லி, அடுத்த போகத்துக்குக் கூப்பிட்டனான். லாபத்திலை நிண்டுகொண்டு நிப்பாட்டிறது என்ன கணக்கு?”

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தப் பழைய முறையை நான் பொன்னுலகம் என்று எழுத மாட்டேன். முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள் என்பது உண்மை. ஆனால் கூலியைக் கூட்டிக் கேட்டவனையும், கோயில் வாசலிலோ தேநீர்க் கடையிலோ நிமிர்ந்து நின்றவனையும், அதே முகங்கள்தான் தோட்டத்துக்குள் வரவேண்டாம் என்று தடுத்தன. அவனுக்கு மேன்முறையீடு இல்லை, நட்டஈடு இல்லை. வலிகாமத்துச் செம்மண்ணில் யார் யாருக்கு என்ன நடந்தது என்பதை எழுதினால் அது தனிக் கட்டுரை.

என்றாலும் அவருடைய கேள்வி கேள்விதான். விடை தேடப் போனேன். ரொறன்ரோ நிறுவனத்தை விட்டுவிடுவோம். எல்லோருக்கும் தெரிந்த கூகிளை எடுத்துக்கொள்வோம். 2023 ஜனவரி 20ஆம் திகதி, அதன் தாய் நிறுவனமான அல்பபெற் ஏறக்குறைய 12,000 பேரை நீக்குவதாக அறிவித்தது. அதற்கு முந்திய 2022ஆம் ஆண்டில் அந்த நிறுவனத்தின் தேறிய இலாபம் ஏறத்தாழ 60 பில்லியன் டொலர், எங்கள் கணக்கில் ஆறாயிரம் கோடி டொலர். அதே ஆண்டில் தன்னுடைய பங்குகளைத் தானே சந்தையில் திருப்பி வாங்குவதற்கு அது செலவிட்டது 59 பில்லியன். ஒரு தோட்டக்காரர் வருட வருமானம் முழுவதையும் தன் காணி உறுதியின் மதிப்பை உயர்த்தச் செலவழித்துவிட்டு, மம்பட்டி பிடிக்கும் ஆளை நிற்பாட்டினால் எப்படியிருக்கும்? உவமை முற்றாகப் பொருந்தாதுதான். ஆனால் தம்பிக்கு விளங்கியது.

நிறுவனங்களின் பக்கத்திலும் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது, அதை மறைக்கக் கூடாது. பெருந்தொற்றுக் காலத்தில் உலகமே வீட்டுக்குள் இருந்து திரையைப் பார்த்தது. பணம் மலிவாகக் கிடைத்தது. நிறுவனங்கள் ஆட்களை அள்ளின. அல்பபெற்றில் 2019 முடிவில் சுமார் 1,19,000 பேர் இருந்தனர். 2022 முடிவில் சுமார் 1,90,000 பேர். வட்டி ஏறியதும் முதலீட்டாளர் கணக்குக் கேட்டனர். 2022 நவம்பரில் லண்டனைச் சேர்ந்த டி.சி.ஐ. என்ற முதலீட்டு நிதியம், ஊழியர் தொகையும் ஒவ்வோர் ஊழியருக்குமான செலவும் மிகையானவை என்று அல்பபெற்றுக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதியது. ஜனவரியில் ஆட்குறைப்பு வந்ததும் இது போதாது, இன்னும் குறையுங்கள் என்று மறுபடி எழுதியது. தம்பியின் கேள்விக்கு விடை இந்தக் கடிதங்களில்தான் இருக்கிறது. இலாபம் இருக்கிறதா என்பது அவர்களுக்குக் கேள்வியன்று. போன வருடத்தைவிட, எதிர்பார்த்ததைவிட, பக்கத்துக் கம்பனியைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு எந்த இலாபமும் போதாது.

அந்த அறிவிப்பில் கையொப்பமிட்டவர் நம் சுந்தர் பிச்சை. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர் கூகிளின் தலைவரானபோது தமிழ்ப் பத்திரிகைகள் எல்லாம் எட்டுப் பத்தித் தலைப்புப் போட்டுக் கொண்டாடின. முழுப் பொறுப்பையும் தாம் ஏற்பதாக அவர் எழுதினார். 2022ஆம் ஆண்டுக்கு அவருக்கு வழங்கப்பட்ட மொத்த ஊதியம் 226 மில்லியன் டொலர் என்பது சில மாதங்களின் பின் வெளியான ஆவணங்களில் இருந்தது. அதில் மிகப் பெரும்பகுதி மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை கொடுக்கப்படும் பங்குகள் என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை. சேர்த்துச் சொன்ன பிறகும் ‘பொறுப்பு’ என்ற தமிழ்ச் சொல்லுக்கு நாம் கொடுத்துவந்த பொருள் அங்கே எங்கேயும் எனக்குத் தென்படவில்லை. எங்கள் மொழியில் பொறுப்பவனே பொறுப்பாளி; பாரம் அவன் தோளில் இருக்கும்.

இவையெல்லாம் 2023ஓடு முடிந்துவிடவும் இல்லை. 2025இல் மைக்ரோசொஃப்ட் மே, ஜூலை ஆகிய இரு மாதங்களில் மட்டும் 15,000 பேரளவில் நீக்கியது. அந்த ஜூனில் முடிந்த நிதியாண்டில் அதன் இலாபம் 100 பில்லியன் டொலரைத் தாண்டியிருந்தது. அதே ஜூலையில் ரி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியரில் 2 சதவீதமான 12,000க்கும் மேற்பட்டோரை நீக்கப்போவதாகச் சொன்னது. சென்னையில் எத்தனை வீடுகளில் அன்று இரவு அடுப்பு எரியவில்லையோ.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். இயந்திரம் வந்து ஆளை வெளியேற்றுவதை நான் ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்தவன். கொழும்பில் நான் வேலை செய்த ஒரு பத்திரிகையில் இருபதுக்கும் மேற்பட்ட அச்சுக்கோப்பாளர்கள் இருந்தனர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து பொறுக்கிக் கோப்பார்கள். எழுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி இருக்கும்; அதை அவர்கள் நாங்கள் பத்திரிகை படிப்பதைவிட வேகமாகப் படிப்பார்கள். மூத்தவர் ஒருவர் இருந்தார். என் கையெழுத்துப் பிரதியில் ஒற்று மிகாத இடத்தில் மிகுந்திருந்தால் கோப்பதை நிறுத்திவிட்டுத் தாளோடு மேலே ஏறி வந்துவிடுவார். “தம்பி, இது சரியோ?” என்பார். தொல்காப்பியம் படித்தவர் அல்லர். முப்பது வருடம் தமிழை விரலால் தொட்டவர்.

எண்பதுகளின் முடிவில் கணினி வந்தது. இளைஞர் மூவரைத் தட்டச்சுக்குப் பழக்கினார்கள். மற்றவர்களை ஒரு வெள்ளிக்கிழமை அழைத்து ஆளுக்கொரு கடித உறை கொடுத்தார்கள். இதை ஒரு செய்தியாக எழுதிக் கொடுத்தோம், வெளிவரவில்லை. பிரித்தானியாவில் 1986இல் ரூபர்ட் மர்டொக் தம் பத்திரிகைகளை வொப்பிங்குக்குக் கொண்டுபோய் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அச்சகத் தொழிலாளரை வெளியேற்றியது எங்கள் பத்திரிகையிலேயே வெளிநாட்டுச் செய்தியாகப் பெரிதாக வந்திருந்தது. அந்த மூத்தவரைப் பின்னொரு நாள் புறக்கோட்டையில் கண்டேன். லொத்தர் சீட்டு விற்றுக்கொண்டிருந்தார். சீட்டில் அச்சாகியிருந்த தமிழில் இருந்த எழுத்துப் பிழையை எனக்குச் சுட்டிக்காட்டினார்.

அன்றாவது இயந்திரம் அறைக்குள் வந்து இறங்கியதை எல்லோரும் கண்டோம். அது செய்யும் வேலையையும் கண்டோம். மகனுடைய வேலையைச் செய்யும் இயந்திரம் எது என்று யாரும் அவனுக்குக் காட்டவில்லை. அவனுடைய வேலையைச் செய்தவர்கள், மிஞ்சியிருந்த அவனுடைய நண்பர்கள். இந்தத் தப்பியவர்களின் கதையை யாரும் எழுதுவதில்லை. முதலில் அலுவலகத்தின் பழக்கூடை நின்றதாம். பிறகு பயணங்கள் நின்றன. பிறகு விலகிப் போனவர்களின் இடத்துக்கு ஆள் எடுப்பது நின்றது. அதற்குப் பிறகுதான் அந்தப் புதன்கிழமை. அவனோடு ஒரே நாளில் சேர்ந்த நண்பன் ஒருவன் தப்பினான். மூவரின் வேலை அவன் தலையில். இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தாலும் எடுக்கிறான். ஒவ்வொரு நாள் காலையும் கடவுச்சொல் ஏற்கப்படுகிறதா என்று பார்த்த பிறகே பல் தீட்டுகிறானாம். ஆண்டு மதிப்பீட்டில் குழுவுக்கு ஒருவரையாவது கீழே தள்ளியாக வேண்டும் என்ற விதி வந்துவிட்டதால், பழைய தோழர்கள் ஒருவருக்கொருவர் உதவுவதை நிறுத்திவிட்டார்கள். இதை நான் தம்பியிடம் சொன்னபோது அவர் நிலாவரைப் பக்கம் கையைக் காட்டினார். “அளவுக்கு மிஞ்சி இறைச்சா உப்புத்தான் அண்ணை வரும்.” குடாநாட்டுச் சுண்ணக்கல்லின் கீழ் நன்னீர் உவர்நீருக்கு மேலே ஒரு படையாக மிதக்கிறது. இயந்திரத்தை நிறுத்தாமல் இறைத்தவர்களின் கிணறுகள் பல உவராகிப்போனதை இங்கே எல்லோரும் அறிவர்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அந்தத் துறையில் இருக்கிறீர்கள் என்பதை அறிவேன். ஆகவே அவனுடைய அனுபவத்தில் ஒரு பகுதியைச் சற்று விரிவாக எழுதுகிறேன். அந்த அதிகாலை மின்னஞ்சலோடு ஓர் ஆவணமும் வந்திருந்தது. ஏழு நாட்களுக்குள் ஒப்பமிட்டால் இவ்வளவு தொகை, இல்லையேல் சட்டப்படியான குறைந்தபட்சம் மட்டும் என்றிருந்தது. ஒன்ராறியோச் சட்டத்தில் நாலு வாரத்துக்குள் ஐம்பது பேருக்கு மேல் நீக்கினால் எட்டு வாரம் முதல் பதினாறு வாரம் வரை முன்னறிவித்தல் அல்லது அதற்கான சம்பளம் உண்டு. ஐந்தாண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்குப் பெரிய நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு வாரம் என்ற கணக்கில் பிரிவுப் பணமும் கொடுக்க வேண்டும். பலர் அத்தோடு தங்கள் உரிமை முடிந்தது என்று எண்ணிக் கையொப்பமிட்டு விடுகிறார்கள். ஆனால் இவை அடித்தளம் மட்டுமே. வேலை ஒப்பந்தம் தடுக்காவிட்டால், வழக்குச் சட்டப்படி நியாயமான முன்னறிவித்தல் என்று இன்னொன்று இருக்கிறது. அதற்கு மூலமான வழக்கு 1960இல் தீர்க்கப்பட்ட ‘பார்டல் எதிர் குளோப் அன்ட் மெயில்’. ஒரு பத்திரிகையின் விளம்பரப் பகுதித் தலைவர், பதினாறு ஆண்டுச் சேவைக்குப் பின் நீக்கப்பட்டவர், தன் பத்திரிகைமீதே தொடுத்த வழக்கு. வேலையின் தன்மை, சேவைக்காலம், வயது, அதுபோன்ற வேறு வேலை கிடைக்கும் சாத்தியம் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும் என்று நீதிமன்றம் கூறி, அவருக்கு ஓராண்டுக் கால ஊதியத்தைக் கொடுத்தது. எங்கள் தொழிலிலிருந்து ஒருவர் செய்த உபகாரம் என்று நான் அவனிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவன் ஆறாம் நாள் ஒரு சட்டத்தரணியைக் கண்டான். சட்டத்தரணியின் ஒரே கடிதத்தில் தொகை உயர்ந்தது. எவ்வளவு என்பதும் அந்தக் கையொப்பத்துக்குள் அடக்கம்.

இலங்கையில் சட்டம் இன்னும் இறுக்கமானது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் தவிர வேறு காரணத்துக்காக ஒருவரை நீக்குவதற்கு அவருடைய எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். தாளில் இதைவிடப் பாதுகாப்பு வேறெங்கும் அரிது. நடைமுறையில் என்ன நடக்கிறது? ஆணையாளரிடம் போவதற்குப் பதில் ஊழியரிடமே ‘சம்மதம்’ வாங்கிவிடுகிறார்கள். மூடிய அறை, மேசையில் ஒரு கடிதம், பக்கத்தில் ஒரு பேனை. தானாகவே விலகினார் என்று கோப்பில் எழுதப்படும். இதுவும் புதிதன்று. 1980 ஜூலையில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த சுமார் 40,000 அரச ஊழியரை ஜயவர்த்தனா அரசாங்கம் வீட்டுக்கு அனுப்பியபோதும் அவர்களை நீக்கினோம் என்று சொல்லவில்லை. அவர்களே பதவியைக் கைவிட்டனர் என்றது. தமிழ்நாட்டிலும் கட்டாய விலகல் கடிதங்கள்மீது முறைப்பாடுகள் உண்டு. ஆனாலும் 2015 ஜனவரியில் ஒரு கர்ப்பிணி ஊழியர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்; நீதிமன்றம் ரி.சி.எஸ். நிறுவனத்தின் உத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. நிறுவனம் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. தனியே போனவர் ஒருவர். ஒப்பமிடாமல் போனார் என்பதே முக்கியம்.

மகனுக்குப் பதினொரு மாதத்துக்குப் பின் வேலை கிடைத்தது. சம்பளம் முன்னையதில் முக்கால்வாசி. அதற்குள் வீட்டை விற்றுவிட்டு ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வாடகைக்குப் போய்விட்டார்கள். வீடு விற்ற செய்தியையும் தகப்பனாருக்கு அவன்தான் சொன்னான். இந்தத் தடவை அன்றைக்கே சொன்னான். போன மார்கழியில் விடுமுறைக்கு வந்தவன் காலையில் தோட்டத்தில் நின்றான், மாலையில் என் விறாந்தையில் இருந்தான். புதிய இடம் எப்படி என்று கேட்டேன். நல்ல மனிதர்கள் என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சென்ற மாதத்திலிருந்து அங்கேயும் பழக்கூடையை நிற்பாட்டிவிட்டார்கள் என்றான்.